உறையென்று பெயரிட்டு ஒதுக்கப்பட்ட புரதம்

முதுநிலைத் தாவர நோயியல் தேர்வில் "உறைப்புரதத்தின் பணி யாது?" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர் ஒரே வரியில் விடையெழுதி விடுவர்: வைரஸின் மரபுப்பொருளைச் சூழ்ந்து நின்று பாதுகாப்பது. முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். விடை பொய்யன்று. கோயில் பூசாரியின் பணி இரவில் கதவைப் பூட்டுவது என்று சொன்னால் அது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை இந்த விடையிலும் உண்டு.

இந்த ஒற்றை வரி தேர்வுத்தாளோடு நின்றுவிட்டால் அதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. அது நிற்பதில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாது, எந்தத் தரவு முனைவர் பட்டத்துக்குப் போதுமானதாகக் கருதப்படும் என்பவற்றையெல்லாம் அதுவே சத்தமின்றித் தீர்மானிக்கிறது. உறை வெறும் உறைதான் என்று நம்பும் துறை, அந்த உறையின் மரபணுவை வரிசைப்படுத்தி, அடையாள அட்டையைப் போல ஒட்டிவிட்டு, பணி முடிந்ததென்று எழுந்துவிடுகிறது. அந்த உறை என்ன செய்கிறது என்ற கேள்வி, கேட்க ஆளின்றிக் கிடக்கிறது.

பிழை பெயரிலேயே தொடங்குகிறது. 'கோட் புரோட்டீன்' என்ற ஆங்கிலப் பெயரில் இருப்பது ஒரு மேற்சட்டை. தமிழில் அது உறைப்புரதம், மேலுறைப்புரதம் என்றெல்லாம் ஆயிற்று. அறிவியற் கலைச்சொற்களில் பெரும்பகுதி இப்படி உவமையிலிருந்து பிறந்தவையே. அதில் குற்றம் இல்லை. ஆனால் உவமை எதனடியாகப் பிறந்தது என்பதை மறந்துவிட்டால் அது சிந்தனைக்கு விலங்காகும். தொல்காப்பிய உவமவியல், உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு வகைகளைச் சொல்கிறது. செய்யும் செயலால் ஒப்புமை வரலாம், விளையும் பயனால் வரலாம், வடிவத்தால் வரலாம், நிறத்தால் வரலாம். 'உறை' என்ற பெயர் மூன்றாவதன் வழி வந்தது. மின்னணு நுண்ணோக்கியில் வைரஸைப் பார்த்தவர்கள் உள்ளே மரபுப்பொருளும் வெளியே புரதமும் இருக்கக் கண்டு, வடிவத்தை வைத்துப் பெயரிட்டனர். அந்தப் பெயரைப் படித்து வளர்ந்த தலைமுறைகள், வடிவ உவமையை வினை உவமையாக வாசித்தன. சட்டையின் வடிவில் இருப்பது சட்டையின் வேலையைத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டன.

தமிழில் எழுதுவோர் இதன்மேல் இன்னொரு குழப்பத்தையும் சேர்த்துவிட்டனர். சில வைரஸ்களுக்குப் புரதக் கூட்டின் வெளியே கொழுப்பாலான ஒரு சவ்வும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறுவேறு சொற்கள். தமிழ்ப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் இரண்டும் பெரும்பாலும் 'உறை'. கொரோனாப் பெருந்தொற்றின்போது சோப்பு வைரஸின் உறையைக் கரைத்துவிடும் என்று நாடு முழுவதும் சொல்லப்பட்டது. அங்கே உறை என்பது கொழுப்புறை. அதே சொல்லோடு புகையிலைத் தேமல் வைரஸைப் பற்றிப் படிக்கும் மாணவர், அதற்கும் அப்படியொரு மென்மையான மேற்போர்வை இருப்பதாகவே நினைப்பார். அதற்குக் கொழுப்புறையே இல்லை. காய்ந்த இலையில் ஆண்டுக்கணக்கில் தொற்றுத்திறன் குன்றாமல் இருக்கக்கூடிய புரதத் தண்டு அது. தாவர வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை கொழுப்புறை அற்றவை. நிலக்கடலை மொட்டு நசிவு நோயை உண்டாக்கும் வைரஸ் போன்ற சிலவே அதை உடையவை. அவற்றில் இலைப்பேனோடு தொடர்புகொள்வது கொழுப்புறையில் பதிந்த சர்க்கரைப்புரதம். மரபுப்பொருளைச் சுற்றியிருப்பது வேறொரு புரதம். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும் நூலைப் படித்து எந்த மாணவரும் இந்த வேறுபாட்டை அறிய முடியாது. கொழுப்புறை, புரத உறை என்று பிரித்தெழுதுவதற்கு ஒரு சொல் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவுக்கும் கைகள் தயங்குகின்றன.

இந்த அலட்சியத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1935ஆம் ஆண்டு வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கியபோது, அது ஒரு தூய புரதம் என்றே அறிவித்தார். புரதமே வைரஸ், வைரஸே புரதம் என்ற காலம் அது. அடுத்த ஆண்டே பாடெனும் பிரியும் அதில் பாஸ்பரஸும் நியூக்ளிக் அமிலமும் இருப்பதைக் காட்டினர். 1955இல் ஃபிராங்கெல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் பிரித்தெடுத்த புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் சோதனைக்குழாயில் மீண்டும் சேர்த்துத் தொற்றுத்திறனுள்ள துகள்களை உருவாக்கினர். 1956இல் ஜெர்மனியில் கீரரும் ஷ்ராமும், அமெரிக்காவில் ஃபிராங்கெல்-கான்ராட்டும், ஆர்.என்.ஏ. மட்டுமே தொற்றை உண்டாக்கும் என்று காட்டினர். ஒரு வகையின் ஆர்.என்.ஏ.வுக்கு மற்றொரு வகையின் புரதத்தை அணிவித்துத் தொற்றச் செய்தால், பிறக்கும் சந்ததி ஆர்.என்.ஏ.வின் வகையாகவே இருந்தது. மரபுச் செய்தி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட மிக அழகான விடைகளுள் அதுவும் ஒன்று.

ஆனால் அந்தச் சோதனை விடையளித்தது ஒரு கேள்விக்குத்தான்: மரபுச் செய்தியைச் சுமப்பது எது? நோய் வயலில் எப்படிப் பரவுகிறது என்று அது கேட்கவில்லை. உறையற்ற ஆர்.என்.ஏ.வைத் தூய்மைப்படுத்தி, இலையில் உராய்வுப்பொடி தூவி, கையால் தேய்த்துத் தொற்றவைத்தவர்கள் ஆய்வாளர்கள். அப்போதும் அதன் தொற்றுத்திறன் முழுத் துகளின் தொற்றுத்திறனைவிட மிகக் குறைவாகவே இருந்தது. வயலில் அப்படித் தேய்த்துவிட யாரும் இல்லை. இலைச்சாற்றில் உள்ள நொதிகள் வெற்று ஆர்.என்.ஏ.வை நிமிடங்களில் சிதைத்துவிடும். ஸ்டான்லி காலத்தில் எல்லாமாக இருந்த புரதம், 1956க்குப் பின் ஒன்றுமில்லாததாகப் பாடநூல்களில் சுருங்கிற்று. ஊசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் அங்கேயே ஆணியடிக்கப்பட்டுவிட்டது.

எண்களையாவது பார்த்திருக்க வேண்டும். புகையிலைத் தேமல் வைரஸ் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் விட்டமும் உடைய தண்டு. அதில் 158 அமினோ அமிலங்களாலான ஒரே புரதம் ஏறத்தாழ 2,130 படிகளாக அடுக்கப்பட்டுள்ளது. துகளின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அந்தப் புரதம். வைரஸின் மரபுத்தொகுதியில் இடம் இருப்பதோ நான்கு புரதங்களுக்கு. நான்கே ஆட்களை வைத்துக் குடித்தனம் நடத்தும் வீட்டில் ஒருவர் கதவருகே சும்மா நிற்பதற்கென்றே இருப்பார் என்று நம்புவதற்கு, வீட்டைப் பற்றி எதுவும் தெரியாதிருக்க வேண்டும்.

உறைப்புரதம் செய்யும் பணிகளைத் தொற்றின் வரிசையிலேயே காணலாம்.

முதற்பணி, அவிழ்தல். செல்லுக்கு வெளியே இறுகியிருக்க வேண்டிய துகள், செல்லுக்குள் நுழைந்தவுடன் அவிழ வேண்டும். இறுகியே இருந்தால் தொற்றில்லை. முன்னதாகவே அவிழ்ந்தாலும் தொற்றில்லை. புகையிலைத் தேமல் வைரஸின் புரத அலகுகளுக்கிடையே ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டங்கள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. வெளியே கால்சியம் அயனிகளும் புரோட்டான்களும் அந்த விலக்கத்தை அடக்கி வைக்கின்றன. செல்லுக்குள் கால்சியம் குறைவு. கார அமில நிலையும் வேறு. விலக்கம் தலைதூக்க, தண்டின் ஒரு முனை தளர்கிறது. ரைபோசோம்கள் அந்த முனையைப் பற்றி, படித்துக்கொண்டே எஞ்சிய புரதங்களை உதிர்க்கின்றன. தான் வந்து சேர்ந்த இடத்தை உணர்ந்து நிலைமாறும் கருவிக்கு 'உறை' என்ற சொல் ஏற்றதா?

இரண்டாவது, தொடக்கிவைத்தல். குதிரைமசால் தேமல் வைரஸின் மரபுத்தொகுதி மூன்று ஆர்.என்.ஏ.க்களாகப் பிரிந்திருக்கிறது. மூன்றையும் தூய நிலையில் செடியில் செலுத்தினாலும் தொற்று உண்டாவதில்லை. உறைப்புரதத்தையோ அதைக் குறிக்கும் நான்காவது ஆர்.என்.ஏ.வையோ உடன் சேர்த்தால்தான் தொற்று தொடங்குகிறது. 1971இல் போல், வான் வ்லோட்டன்-டோட்டிங், யாஸ்பர்ஸ் ஆகிய நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் காட்டினர். இங்கே உறைப்புரதம் ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு அதைச் செயல்பட வைக்கிறது. 1956இன் பாடம் இந்த வைரஸுக்குப் பொருந்தவே இல்லை. அந்த உண்மைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. ஆயினும் ஒற்றை வரி விடை மாறவில்லை.

மூன்றாவது, நகர்தல். புகையிலைத் தேமல் வைரஸ் உறைப்புரதம் இன்றியே பக்கத்துச் செல்லுக்குப் போகும். ஆனால் சாற்றுக்குழாய் வழியே செடி முழுவதும் பரவ அதற்கு உறைப்புரதம் வேண்டும். வெள்ளரித் தேமல் வைரஸுக்குப் பக்கத்துச் செல்லுக்குப் போகவே அது வேண்டும். ஒன்றுக்கு உண்மையானது மற்றொன்றுக்கு உண்மையன்று என்பதே, ஒவ்வொரு வைரஸிலும் இதைத் தனித்துச் சோதிக்க வேண்டும் என்பதற்கான காரணம்.

நான்காவது, செடியோடு நடக்கும் போர். தாவரம் அயல் ஆர்.என்.ஏ.வைக் கண்டு துண்டாக்கி அமைதிப்படுத்தும் தற்காப்பு உடையது. டர்னிப் சுருக்க வைரஸின் உறைப்புரதமே அந்தத் தற்காப்பை அடக்கும் ஆயுதம். மறுபுறம், உருளைக்கிழங்கின் ஆர்எக்ஸ் மரபணு, உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸை அதன் உறைப்புரதத்தைக் கொண்டே இனங்கண்டு தடுக்கிறது. அந்தப் புரதத்தில் அமினோ அமிலம் மாறினால் செடியின் காவல் ஏமாந்துபோகிறது. படையெடுப்பவனின் வாளும் அவனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமும் ஒரே புரதத்தில் இருக்கின்றன.

ஐந்தாவது, பூச்சியோடு செய்யும் ஒப்பந்தம். 1990இல் வெளிவந்த ஒரு சோதனையில், வெள்ளை ஈயால் பரவும் ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸின் உறைப்புரத மரபணுவை நீக்கி, தத்துப்பூச்சியால் பரவும் பீட் இலைச்சுருள் வைரஸின் உறைப்புரத மரபணுவை வைத்தனர். வைரஸ் தன் ஊர்தியை மாற்றிக்கொண்டது. தத்துப்பூச்சி அதைப் பரப்பியது. அசுவினியால் பரவும் பாட்டிவைரஸ்களில், உறைப்புரதத்தின் முன்முனையில் அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின், கிளைசின் என்ற மூன்றெழுத்துத் தொடர் ஒன்று உண்டு. அதில் ஒன்றை மாற்றினாலே அசுவினி அதைச் சுமப்பதை நிறுத்திவிடக்கூடும் என்பதும் அதே ஆண்டு காட்டப்பட்டது. செடிக்குள் வைரஸ் நன்றாகவே பெருகும், வயலில் பரவாது. நோய் என்பது வேறு, கொள்ளைநோய் என்பது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள வாசலில் இந்தப் புரதம் நிற்கிறது.

இவையெல்லாம் அயல்நாட்டு ஆய்வகங்களின் பெருமை, இந்தியாவில் எங்கே இது நடக்கும் என்று சொல்வோர், இந்தியாவின் ஆய்வு வரலாற்றையே படிக்காதவர்கள். திருப்பதிப் பகுதியில் அகத்திச் செடியில் காணப்பட்ட தேமல் வைரஸ் ஒன்றின் அணுநிலை அமைப்பை, 1990களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.என். மூர்த்தி, எச்.எஸ். சாவித்திரி ஆகியோரின் குழுக்கள் கண்டறிந்தன. 180 புரத அலகுகளாலான அந்தக் கூட்டில், புரதத்தின் முன்முனையிலிருந்து 65 அமினோ அமிலங்களை நீக்கினால் 60 அலகுகளாலான சிறு கூடு உருவாகிறது என்று பின்னர் காட்டினர். கூட்டின் அளவைத் தீர்மானிப்பது அந்த முனைதான் என்று அதனால் தெரிந்தது. வேலியோரத்து அகத்தியிலிருந்து உலகத்தரக் கேள்வியொன்றை எழுப்ப முடிந்திருக்கிறது.

அப்படியிருக்க, இன்று பல ஆய்வேடுகளின் அமைப்பு என்ன? வயலுக்குப் போய் மஞ்சளித்த இலையைப் பறித்துவருவது. உறைப்புரத மரபணுவை மட்டும் பெருக்கும் தொடக்கிகளைக் கொண்டு பி.சி.ஆர். செய்வது. கிடைத்ததை வெளி நிறுவனத்துக்கு அனுப்பி வரிசைப்படுத்தி வாங்குவது. மென்பொருளில் இட்டு ஒரு கிளைமரம் வரைவது. தம் மாதிரி எந்தக் கிளையில் அமர்கிறது என்று எழுதி, இந்த மாவட்டத்தில் இந்தப் பயிரில் இதுவே முதற்பதிவு என்று முடிப்பது. அடுத்த மாணவர் அடுத்த மாவட்டத்துக்குப் போவார். பயிர் மாறும், மாவட்டம் மாறும், முடிவுரை மாறாது.

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. வெள்ளை ஈயால் பரவும் பெகோமோவைரஸ்களே இத்தகைய ஆய்வேடுகளுக்கு மிக அதிகமாக இரையாகுபவை. அந்தக் குழுவில் மிகக் குறைவாக மாறும் மரபணுக்களுள் ஒன்று உறைப்புரத மரபணு. காரணம் வெளிப்படை: எல்லாம் ஒரே வெள்ளை ஈயின் குடலையும் உமிழ்நீர்ச்சுரப்பியையும் கடந்தாக வேண்டும், மாறினால் ஊர்தி போய்விடும். எது மிகக் குறைவாக மாறுகிறதோ அதைக் கொண்டு வேறுபாட்டை அளப்பது, ஒரே சீருடை அணிந்த மாணவரைச் சீருடையைக் கொண்டு பிரித்தறிய முயல்வதற்கு ஒப்பாகும். மேலும் இந்த வைரஸ்கள் ஒன்றோடொன்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்பவை. உறைப்புரதப் பகுதி ஒரு மூதாதையிடமிருந்தும் எஞ்சிய பகுதி இன்னொன்றிடமிருந்தும் வந்திருக்கலாம். இதனால்தான் வைரஸ் வகைப்பாட்டாளர்கள் பெகோமோவைரஸ் இனத்தைப் பிரிக்க முழு டி.என்.ஏ.-ஏ கூறின் வரிசையில் 91 விழுக்காட்டு ஒப்புமையை எல்லையாக வைத்தனர். உறைப்புரத மரபணுவை மட்டும் வைத்து இனப்பெயர் சூட்டும் ஆய்வேடு, தன் துறையின் விதியையே படிக்காமல் எழுதப்பட்டது.

வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல் நோயை எடுத்துக்கொள்ளலாம். 1924இலேயே பம்பாய் மாகாணத்திலிருந்து பதிவான நோய் அது. வைரஸின் முதன்மை டி.என்.ஏ.வை மட்டும் செடியில் செலுத்தினால் வயலில் காணும் மஞ்சள் நரம்பு தோன்றுவதில்லை. இலை இலேசாகச் சுருளும். உடன் ஒரு சிறு துணைக்கோள் டி.என்.ஏ.வும் சேர்ந்தால்தான் உண்மையான நோய் தோன்றும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து 2003இல் வெளிவந்த ஆய்வு அது. அந்தத் துணைக்கோளுக்குத் தனக்கென உறைப்புரதம் கிடையாது. முதன்மை வைரஸின் உறையை இரவல் வாங்கிக்கொண்டு வெள்ளை ஈயில் ஏறுகிறது. உறைப்புரத மரபணுவை மட்டும் வரிசைப்படுத்துபவர், நோய்க்குறியை உண்டாக்கும் மரபணுவைக் காணவே மாட்டார். உறை அந்த மரபணுவைச் சுமந்து செல்கிறது என்பதையும் காண மாட்டார். இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு எடுத்த படம் அது.

இதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதற்கு அனந்தபூர் சாட்சி. 2000ஆம் ஆண்டு ஆந்திரத்தின் அந்த வறண்ட மாவட்டத்தில் நிலக்கடலைத் தண்டு நசிவு நோய் சுமார் 2,25,000 ஹெக்டேரில் பயிரைத் தாக்கியது. இழப்பு 300 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிடப்பட்டது. அறிகுறிகள் முன்பே அறிந்த மொட்டு நசிவு நோயோடு குழப்பிக்கொள்ளத்தக்கவை. காரணமோ புகையிலைக் கீற்று வைரஸ். குதிரைமசால் தேமல் வைரஸைப் போலவே, உறைப்புரதம் உடனில்லாமல் தொற்றைத் தொடங்க முடியாத குழுவைச் சேர்ந்தது அது. பார்த்தீனியக் களையில் அறிகுறியே காட்டாமல் வாழ்ந்து, அதன் மகரந்தத்தில் ஏறி, இலைப்பேன் உண்டாக்கும் காயத்தின் வழியே கடலைச் செடிக்குள் நுழைகிறது. இந்தப் பாதையைக் கண்டறிந்த பிறகே, களையை அகற்றுங்கள், வயல் ஓரத்தில் சோளமோ கம்போ தடுப்புப்பயிராக விதையுங்கள் என்று உழவரிடம் சொல்ல முடிந்தது. அந்த அறிவுரை கிளைமரத்திலிருந்து பிறக்கவில்லை. வைரஸ் எப்படி வெளியேறுகிறது, எதில் ஏறுகிறது, எப்படி நுழைகிறது என்ற கேள்விகளிலிருந்து பிறந்தது.

மறுப்புகள் உண்டு. அவற்றை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதல் மறுப்பு: நோயறிதலுக்கு உறைப்புரதம் இன்றியமையாதது. உண்மை. எலிசா சோதனையில் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்வது பெரும்பாலும் உறைப்புரதத்தையே. அனந்தபூர்க் கடலையிலும் வைரஸை இனங்காண எதிர்ப்பொருள் உதவிற்று. திசுவளர்ப்பு வாழைக்கன்றும் விதை உருளைக்கிழங்கும் நோயற்றவை என்று சான்றளிக்க இத்தகைய சோதனைகள் வேண்டும். அதைச் செய்வோர் உழவருக்கு நேரடியாக உதவுகின்றனர். ஆனால் அது நோயறிதல் என்ற பெயரிலேயே மதிக்கப்பட வேண்டும். இரத்தப் பரிசோதனை மருத்துவத்துக்கு இன்றியமையாதது. அதற்காக ஒவ்வொரு இரத்தப் பரிசோதனை அறிக்கைக்கும் முனைவர் பட்டம் வழங்குவதில்லை.

இரண்டாம் மறுப்பு: எதிர்ப்புத்திறனுள்ள பயிரை உருவாக்க உள்ளூர் உறைப்புரத வரிசைகள் தேவை. இதிலும் உண்மை உண்டு. 1986இல் புகையிலைத் தேமல் வைரஸின் உறைப்புரத மரபணுவைப் புகையிலையில் புகுத்தி நோயைத் தாமதப்படுத்தியது முதல், 1998இல் ஹவாயில் வெளியிடப்பட்ட பப்பாளி வரை நீண்ட வரலாறு இதற்கு உண்டு. ஆனால் அந்த வரலாறு சொல்லும் பாடத்தை முழுதாகக் கேட்க வேண்டும். புகையிலையில் காத்தது புரதம். உள்ளே நுழைந்த வைரஸ் அவிழ்வதை அது தடுத்தது. பப்பாளியில் காத்தது ஆர்.என்.ஏ. அமைதிப்படுத்தல், அங்கே வரிசை ஒப்புமையே காவல், ஆகவே ஹவாய் வைரஸை எதிர்த்த ரெயின்போ பப்பாளி வேறு நாட்டு வகைகளுக்கு எளிதில் பணிந்தது. ஒரே மரபணு, இரு வேறு வழிமுறைகள். எது எந்த வழியில் செயல்படுகிறது என்று சோதிக்காமல் வரிசைகளை மட்டும் சேமித்து வைப்பது, பூட்டு எதுவென்று தெரியாமல் சாவிகளைச் சேர்ப்பதாகும்.

மூன்றாம் மறுப்பு: பணம் இல்லை, காலம் இல்லை, கட்டுரை வெளியிட்டாக வேண்டும். பூச்சி புகா வலைக்கூடம் அமைப்பதும் வெள்ளை ஈக் கூட்டத்தை ஆண்டு முழுவதும் பேணுவதும் எளிதல்ல. ஆனால் எல்லாமே எட்டாத செலவும் அல்ல. வட்ட டி.என்.ஏ. வைரஸ்களின் முழு மரபுத்தொகுதியையும் ஒரே நொதியால் சுழற்சிமுறையில் பெருக்கும் வழி நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கு உறைப்புரதத் தொடக்கியே தேவையில்லை. கட்டுரைக் கட்டாயத்தைப் பொறுத்தவரை, ஆய்வேட்டுக்கு முன் ஆய்விதழ்க் கட்டுரை வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டின் விதியைப் பல்கலைக்கழக மானியக்குழுவே 2022இல் கைவிட்டது. விதி போன பிறகும் வழக்கம் போகவில்லை என்றால், வழக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. கேள்வி இல்லாத ஆய்வில் தோல்வி என்பதே கிடையாது, பி.சி.ஆர். பட்டை தெரிந்தால் போதும். தோற்க வழியில்லாத ஆய்வைத் தேர்ந்தெடுப்பது வழிகாட்டிக்கு வசதி. மாணவருக்கோ அது வாழ்வின் நான்கைந்து ஆண்டுகள்.

உறைப்புரதமே அனைத்தும் என்று வாதிடுவது இன்னொரு பிழை. புரதமே இல்லாத வைராய்டுகள், வெற்று ஆர்.என்.ஏ. வளையமாகவே உருளைக்கிழங்கையும் தென்னையையும் நோயில் வீழ்த்துகின்றன. நிலக்கடலை ரோசெட் வைரஸுக்கு உறைப்புரத மரபணுவே இல்லை. துணைவைரஸின் உறையை இரவல் வாங்கியே அசுவினியில் பயணம் செய்கிறது. ஆனால் இந்த விதிவிலக்குகளே முதன்மை வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றன. உறை இல்லாதவை எதை இழக்கின்றன, எப்படி ஈடுகட்டுகின்றன என்று கேட்டால்தான் உறை உள்ளவற்றில் அது என்ன செய்கிறது என்பது புலப்படும்.

செய்யவேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. வினாத்தாளில் "உறைப்புரதத்தின் பணி யாது?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "உறைப்புரத மரபணுவை நீக்கிய மூன்று வைரஸ்களில் தொற்று எந்தெந்தக் கட்டத்தில் நிற்கும், ஏன்?" என்று கேட்கலாம். மனப்பாடம் செய்தவர் திணறுவார், புரிந்தவர் எழுதுவார். ஆய்வேட்டுக் குழு, உறைப்புரத வரிசையோடு வரும் ஒவ்வொரு முன்மொழிவிடமும் ஒரு செயற்கேள்வியைக் கோரலாம்: தொற்றுத்திறனுள்ள நகல் உண்டா, ஒரு மாற்றம் செய்து பார்க்கப்படுமா, பூச்சியில் பரவல் சோதிக்கப்படுமா? பூச்சிக்கூடம் இல்லாத பல்கலைக்கழகம், இருக்கும் வேளாண் ஆய்வு நிலையத்தோடு இணையலாம். அளவாய்வு மட்டுமே செய்யப்படுமானால் அதை அளவாய்வு என்றே பெயரிட்டு, ஒரு மாவட்டத்தின் பத்து இலைகளோடு நிற்காமல் பல பருவங்களுக்குச் செய்யலாம். தமிழில் பாடநூல் எழுதுவோர், கொழுப்புறையையும் புரத உறையையும் பிரித்தெழுதலாம்.

பெயரை மாற்ற வேண்டியதில்லை. உறைப்புரதம் என்ற சொல் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். அது வடிவத்தால் வந்த பெயர், வினையால் வந்ததன்று என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் போதும். அனந்தபூர் உழவர் தம் வயலைத் தாக்கிய வைரஸ் கிளைமரத்தின் எந்தக் கிளையில் அமர்ந்திருக்கிறது என்று கேட்கவில்லை. அது அடுத்த பருவமும் வருமா, எதில் ஏறி வரும், எங்கே மறிக்கலாம் என்று கேட்டார். அந்த மூன்று கேள்விகளின் விடையிலும் பெரும்பங்கு, உறையென்று சொல்லி ஒதுக்கிவைத்த அந்தப் புரதத்துக்குள் இருக்கிறது.